சோதனை ஓடும்போது கன்சோலை என்ன செய்வது?

நிரலுக்கு எழுதிய சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன. ஆனாலும் கன்சோலை, அதாவது நிரல் எழுதும் வரிகள் வந்து விழும் திரையை, மேலே உருட்டிப் பார்த்தால் நூற்றுக்கணக்கான வரிகள் கிடக்கின்றன. பிழை தேடும்போது யாரோ எழுதி அழிக்க மறந்த பிரிண்ட் வரிகள், முப்பது தடவை திரும்பத் திரும்ப வந்த ஒரே எச்சரிக்கை, வேண்டுமென்றே தவறான உள்ளீடு கொடுத்த ஒரு சோதனை கக்கிய பிழைச் செய்தி. இந்தக் குவியலுக்கு நடுவே உண்மையிலேயே கவனிக்க வேண்டிய வரி ஒன்று இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் யாராவது பொறுமை இழந்து கன்சோலின் வாயை ஒரேயடியாக அடைத்துவிடுகிறார்கள்.

நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒரு ஜாவாஸ்கிரிப்ட் திட்டத்தில், எல்லாச் சோதனைகளுக்கும் முன்னால் ஓடும் அமைப்புக் கோப்பில், கன்சோல்.எரர் இருந்த இடத்தில் ஒன்றுமே செய்யாத வெற்று ஃபங்ஷன் ஒன்றை வைத்தேன். ஒரே வரிதான், திரை சுத்தமாகிவிட்டது. நாங்கள் பயன்படுத்திய லைப்ரரி ஒன்று, இந்த அழைப்பு முறை அடுத்த பெரிய பதிப்பில் நீக்கப்படும் என்று ஒவ்வோர் ஓட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. பதிப்பை உயர்த்திய நாளில் சோதனைகள் கொத்தாக விழுந்தன. காரணம் தேடி இரண்டு நாள் போயிற்று. கடைசியில் பழைய பதிப்புக்குத் திரும்பி, நான் எழுதிய அந்த ஒரு வரியை நீக்கி ஓட்டியபோது, எதை எப்படி மாற்ற வேண்டும் என்பது முதற்கொண்டு எல்லாம் திரையில் வந்து நின்றது.

அப்போதுதான் எனக்குத் தெளிவாயிற்று: மூன்று வெவ்வேறு தேவைகளை நாம் ஒரே வேலையாகக் குழப்பிக்கொள்கிறோம். திரையை அமைதியாக வைப்பது ஒன்று. சோதனை தோற்றால் எடுத்துப் பார்க்க வெளியீட்டைக் காத்து வைப்பது இன்னொன்று. நிரல் சரியானதைத்தான் எழுதியதா என்று சரிபார்ப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான கருவி வேறு. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியீட்டைத் தூக்கி எறியும் எந்த வழியையும் திட்டம் முழுவதற்குமான அமைப்பாக வைக்க வேண்டாம். அமைதி வேண்டும் என்றால் பிடித்து வையுங்கள். தோற்ற சோதனைக்கு மட்டும் அதைக் காட்டுங்கள். சரிபார்க்க வேண்டும் என்றால், முடிந்த இடங்களில் எல்லாம் கன்சோலைத் தொடாமலேயே சரிபார்க்கும்படி நிரலை மாற்றுங்கள். மற்ற வழிகள் இந்த இரண்டும் எட்டாத இடங்களுக்கு.

ரன்னரிடமே விட்டுவிடுவது

நாம் ஏற்கெனவே பயன்படுத்தும் டெஸ்ட் ரன்னர், அதாவது சோதனைகளை ஓட்டி முடிவைச் சொல்லும் கருவி, என்ன செய்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பைத்தானுக்கான பைடெஸ்ட், நாம் எதுவும் கேட்காமலேயே வெளியீட்டைப் பிடித்து வைக்கிறது. சோதனை தேறினால் காட்டாது. தோற்றால், அந்தத் தோல்வி அறிக்கைக்குக் கீழேயே அந்தச் சோதனை எழுதியதை ஒட்டிக் காட்டும். பைத்தானோடு சேர்ந்து வரும் யூனிட்டெஸ்ட் இயல்பாக இதைச் செய்யாது. ‘பஃபர்’ விருப்பத்தைக் கொடுத்தால் செய்யும். ரஸ்டின் கார்கோ டெஸ்ட்டும் இயல்பாகவே பிடித்து வைக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் ‘நோகேப்சர்’ விருப்பம் இருக்கிறது. கோ மொழியில் ‘டி.லாக்’ வழியாக எழுதுவது, சோதனை தோற்றால் அல்லது விரிவான வெளியீடு கேட்டு ஓட்டினால் மட்டும் வெளிவரும். ஜாவாவில் மேவனின் ஷ்யூர்ஃபயரில் வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் அமைப்பு உண்டு. திரை அமைதியாக இருக்கும், ஒவ்வொரு சோதனை வகுப்பும் எழுதியது தனித்தனிக் கோப்பில் கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட்டின் ஜெஸ்ட்டில் மட்டும் கவனம் தேவை. அதன் ‘சைலன்ட்’ விருப்பம், தேறியது தோற்றது என்று பாராமல் கன்சோல் வழியாக வரும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பெயர் அமைதி, செய்வது அழிப்பு. அதே மொழிக்கான இன்னொரு ரன்னரான வைடெஸ்ட்டில் அதே பெயருள்ள அமைப்புக்கு, தேறிய சோதனைகளுக்கு மட்டும் என்று ஒரு மதிப்பைக் கொடுக்க முடியும். அது சரியான வடிவம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சிறிய வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

ரன்னரிடம் விட்டுவிடுவதில் ஒரே ஒரு பெரிய ஆபத்து உண்டு. பிடித்து வைத்த வெளியீடு, சோதனை முடியும்வரை ரன்னரின் கையில் இருக்கிறது. சோதனை முடியாமலேயே போனால்? சி நீட்சி ஒன்று நினைவகத்தில் தவறான இடத்தைத் தொட்டு பிராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முழுவதும் விழுந்தாலோ, நேர வரம்பு தாண்டிவிட்டது என்று தானியங்கிச் சோதனைச் சர்வர் அதைக் கொன்றுவிட்டாலோ, பிடித்து வைத்ததும் அதோடு போய்விடும். எங்கே தொங்கி நின்றது என்று தெரிந்துகொள்ள மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது இல்லாமல் போகிறது. அத்தகைய தொங்கலைத் துரத்தும்போது பிடிப்பை நிறுத்திவிட்டு ஓட்டுவதே வழி. பைடெஸ்ட்டில் ‘டீ-சிஸ்’ என்ற முறையும் இருக்கிறது: பிடித்தும் வைக்கும், அதே நேரத்தில் திரையிலும் விடும். தண்ணீர்க் குழாயில் போடும் மூவழி இணைப்பைப் போல. சர்வரில் அடிக்கடி தொங்கும் ஒரு சோதனைத் தொகுதிக்கு மட்டும் இதைப் போட்டு வைப்பதில் தவறில்லை.

மொழியின் மட்டத்தில் மாற்றுவது

நிரல் எழுதியதைச் சோதனைக்குள்ளேயே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது இங்கேதான். மொழி தன் ஸ்டாண்டர்ட் அவுட்டை (சாதாரண வெளியீடு போகும் வழியை) வைத்திருக்கும் மாறியில், உண்மையான ஸ்ட்ரீமுக்கு (எழுத்துகள் ஓடும் தடத்துக்கு) பதிலாக நினைவகத்தில் எழுதும் ஒன்றைச் செருகிவிடுவது. பைத்தான் 3.4 முதல் கான்டெக்ஸ்ட்லிப் மாட்யூலில் இதற்கென்றே ‘ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட்’ இருக்கிறது. பிழைச் செய்திகள் போகும் வழியான ஸ்டாண்டர்ட் எரருக்கான துணை 3.5-இல் வந்தது. பைடெஸ்ட்டில் ‘கேப்சிஸ்’, ரூபியின் மினிடெஸ்ட்டில் ‘கேப்சர்_ஐஓ’, ஜாவாவில் ‘சிஸ்டம்.செட்அவுட்’, டாட்நெட்டில் ‘கன்சோல்.செட்அவுட்’ எல்லாம் இந்த இனமே. ஜெஸ்ட்டில் கன்சோல்.லாக் மேல் ‘ஸ்பைஆன்’ (அழைப்புகளைக் குறித்துக்கொள்ளும் உளவு ஃபங்ஷன்) போடுவதும் இதற்கு நெருங்கிய உறவுதான். அங்கே மாற்றப்படுவது ஸ்ட்ரீம் அல்லாமல் ஃபங்ஷன்.

வேகமானது, படிக்க எளியது, கூடுதல் கருவி எதுவும் வேண்டாம். சின்னத் தேவைகளுக்கு இதுவே போதும். ஆனால் இது எங்கெல்லாம் ஓட்டையாகும் என்பதை அறிந்தே பயன்படுத்த வேண்டும். நான் அதிக நேரம் இழந்தது இந்த ஓட்டைகளில்தான்.

முதலாவது, பழைய ஸ்ட்ரீமை யாராவது முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பது. பைத்தானில் ஒரு ஃபங்ஷனின் இயல்பு அளபுருவாக ஸ்டாண்டர்ட் அவுட்டை எழுதினால், அந்த மதிப்பு ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்திலேயே உறைந்துவிடும். பிறகு நாம் மாறியை மாற்றினாலும் அது பழைய ஸ்ட்ரீமுக்கே எழுதும். பிரிண்ட் ஃபங்ஷன் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. ஒவ்வோர் அழைப்பின்போதும் மாறியைப் புதிதாகப் பார்க்கிறது. பதிவுச் செய்திகளை எழுதும் லாகிங் மாட்யூலின் ‘ஸ்ட்ரீம்ஹேண்ட்லர்’ உருவாகும் நேரத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் எரரைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சோதனைக்குள் அது உருவானால், நாம் செருகிய தற்காலிக ஸ்ட்ரீமையே பிடித்துக்கொள்ளும். அந்தச் சோதனை முடிந்து ஸ்ட்ரீம் மூடப்பட்ட பிறகு, எங்கோ வேறொரு சோதனையில் ‘மூடிய கோப்பில் எழுத முயற்சி’ என்ற பிழை வரும். பிழை வந்த சோதனையை எத்தனை தடவை படித்தாலும் காரணம் அதில் இருக்காது.

இரண்டாவது, மாற்றியதைத் திருப்பி வைக்க மறப்பது. நடுவில் சோதனை தோற்றால் திருப்பி வைக்கும் வரி ஓடாது. அதற்குப் பின் வரும் சோதனைகள் எல்லாம் ஊமையாகிவிடும். பைத்தானின் ‘வித்’ தொகுதி, ஜாவாவின் ‘ஃபைனலி’, ஜெஸ்ட் அமைப்பில் ‘ரீஸ்டோர்மாக்ஸ்’ போன்ற ஏதோவொரு காப்பு இல்லாமல் இந்த வழியில் இறங்கவே கூடாது.

மூன்றாவதுதான் மிகவும் பெரியது. அந்த மாறி பிராசஸ் முழுவதற்கும் ஒன்றே. இரண்டு திரெட்களில் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் இழைகளில்) இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடினால், ஒன்று எழுதியது மற்றொன்றின் பையில் விழும். பைத்தானின் ஆவணமே, பல திரெட் கொண்ட பெரும்பாலான நிரல்களுக்கு ‘ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட்’ பொருந்தாது என்று எச்சரிக்கிறது. டாட்நெட்டின் எக்ஸ்யூனிட் தன் இரண்டாம் பதிப்பில் சோதனைகளை இணையாக ஓட்டுவதை இயல்பாக்கியபோது, கன்சோலைப் பிடிப்பதையே கைவிட்டுவிட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சோதனைக்கும் ‘ஐடெஸ்ட்அவுட்புட்ஹெல்பர்’ என்ற, வெளியீட்டை எழுதுவதற்கான தனிக் கருவியைக் கையில் கொடுத்தது. எந்த வரி எந்தச் சோதனையுடையது என்று சொல்ல முடியாத இடத்தில் சொல்வதுபோல் பாவனை செய்ய மறுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஜாவாவின் ஜேயூனிட் 5 வேறு வழியில் போகிறது: ‘ரிசோர்ஸ்லாக்’ குறிப்பைப் போட்டு, சிஸ்டம்.அவுட்டைத் தொடும் சோதனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம். குறிப்பைப் போட மறந்தவரிடம் அது உதவாது. பிராசஸ்களாகப் பிரித்து இணையாக ஓட்டும் ரன்னர்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பிராசஸுக்கும் அந்த மாறி தனி.

அடியில் இருக்கும் எண்

மொழியின் மாறியை மாற்றினாலும் சில வரிகள் திரைக்குத் தப்பிவிடும். சி-யில் எழுதிய லைப்ரரி, நாம் தொடங்கிய துணைப் பிராசஸ் இவற்றுக்கு பைத்தானின் மாறியைப் பற்றி எதுவும் தெரியாது. அவை நேராக இயங்குதளத்தின் ஃபைல் டிஸ்கிரிப்டருக்கு (திறந்திருக்கும் கோப்புக்கோ ஸ்ட்ரீமுக்கோ இயங்குதளம் தரும் எண்) எழுதுகின்றன: ஸ்டாண்டர்ட் அவுட் 1, ஸ்டாண்டர்ட் எரர் 2. ரஸ்டில்கூட, ‘பிரிண்ட்எல்என்’ மேக்ரோ எழுதுவதைத்தான் ரன்னர் பிடிக்கிறது. ஸ்டாண்டர்ட் அவுட்டை நேரடியாகத் திறந்து எழுதினால் அது தப்பித்துத் திரைக்கு வந்துவிடும்.

இவற்றையும் பிடிக்க வேண்டும் என்றால் அந்த எண்ணையே வேறிடத்துக்குத் திருப்ப வேண்டும். யூனிக்ஸில் ‘டூப்2’ அழைப்பு அதற்குத்தான். பைடெஸ்ட் இயல்பாகச் செய்வது இந்த மட்டத்துப் பிடிப்பே. சோதனைக்குள் எடுத்துப் பார்க்க ‘கேப்எஃப்டி’ இருக்கிறது. மினிடெஸ்ட்டில் ‘கேப்சர்_சப்பிராசஸ்_ஐஓ’, ரூபியின் இன்னொரு கருவியான ஆர்ஸ்பெக்கில் ‘டு_எஸ்டிடிஅவுட்_ஃபிரம்_எனி_பிராசஸ்’ இருக்கின்றன. இதற்கு விலை வேகம். மினிடெஸ்ட்டின் ஆவணம் தன் சாதாரண முறையைவிட இது சுமார் 10 மடங்கு மெதுவானது என்கிறது. ஆர்ஸ்பெக் சுமார் 30 மடங்கு என்கிறது. நினைவகத்துக்குப் பதிலாகத் தற்காலிகக் கோப்பில் எழுதிப் படிப்பதே காரணம். பத்து சோதனைகளில் இது தெரியாது; ஆயிரம் சோதனைகளில் தெரியும்.

இதை நாமே கையால் எழுத நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சி-யின் வெளியீடு, திரைக்குப் போகும்போது வரிவரியாகவும், கோப்புக்கோ பைப்புக்கோ (ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் குழாய்) போகும்போது பெரிய துண்டுகளாகவும் வெளியேறும். டிஸ்கிரிப்டரைத் திருப்புவதற்கு முன்னும், பழையபடி வைப்பதற்கு முன்னும் பஃபரில் (இடைத் தேக்கத்தில்) நிற்பதை வெளியேற்றாவிட்டால், முந்தைய சோதனையின் வரி இந்தச் சோதனையில் வந்து விழும், அல்லது இந்தச் சோதனையின் வரி அடுத்ததில் விழும். இரண்டாவது, பைப்பைப் போட்டுப் பிடிப்பது. லினக்ஸில் ஒரு பைப்பின் இயல்புக் கொள்ளளவு 64 கிலோபைட், சரியாகச் சொன்னால் 65,536 பைட். முதலில் எல்லாவற்றையும் எழுதட்டும், பிறகு படித்துக்கொள்வோம் என்று இருந்தால், அந்த அளவு நிரம்பியதும் எழுதுபவர் நின்றுவிடுவார். படிப்பவர் எழுதுபவர் முடிப்பதற்காகக் காத்திருப்பார். சோதனை அப்படியே உறைந்துவிடும். சிறிய வெளியீட்டில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிய சோதனை, ஒரு நாள் நீளமான பிழை அறிக்கை வந்ததும் தொங்குவது இதனால்தான். கோ மொழியில் ஓஎஸ்.பைப் போட்டு ஸ்டாண்டர்ட் அவுட்டைத் திருப்பும் துண்டு நிரல்களை எடுத்து ஒட்டும்போது, படிப்பது தனி கோரூட்டினில் (இணையாக ஓடும் தனிப் பணியில்) நடக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே என் நிலை: ரன்னர் தருவதாக இருந்தால் மட்டும் இந்த மட்டத்துக்கு இறங்குங்கள், கையால் எழுத வேண்டாம். துணைப் பிராசஸின் வெளியீடுதான் நோக்கம் என்றால், அதற்குச் சுற்றுவழியே தேவையில்லை. பைத்தானில் சப்பிராசஸ்.ரன் அழைப்புக்கு 3.7 முதல் ‘கேப்சர்_அவுட்புட்’ உண்டு. அது இரண்டு ஸ்ட்ரீம்களையும் உறையாமல் படித்துத் தரும்.

கட்டளை வரியில் இயங்கும் நிரல் ஒன்றை முழுதாகச் சோதிப்பதற்குத் தனிப் பிராசஸாக ஓட்டுவதே மிகவும் நேர்மையான வழி. வெளியேறும் குறியீடு, எது ஸ்டாண்டர்ட் அவுட்டில் வந்தது, எது ஸ்டாண்டர்ட் எரரில் வந்தது, பயனர் காணும் உண்மையான எழுத்துகள் எல்லாம் கிடைக்கும். மெதுவானது, அதனால் முக்கியமான ஒரு கைப்பிடி அளவு பாதைகளுக்கு மட்டும்.

ஸ்ட்ரீமைக் கையில் கொடுப்பது

இதுவரை சொன்ன எல்லா வழிகளும், நிரல் நேராகக் கன்சோலுக்கு எழுதுகிறது என்பதை மாற்ற முடியாத உண்மையாக எடுத்துக்கொள்கின்றன. நம் சொந்த நிரலாக இருந்தால் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அறிக்கை தயாரிக்கும் ஃபங்ஷன், அறிக்கையை ஒரு சரமாகத் திருப்பித் தரட்டும். அச்சிடுவதை வெளியே ஒரே ஒரு வரி செய்யட்டும். சரமாகத் தர முடியாத அளவு பெரியது, அல்லது சிறிது சிறிதாக வெளிவர வேண்டியது என்றால், எழுத வேண்டிய ஸ்ட்ரீமை அளபுருவாக வாங்கிக்கொள்ளட்டும். கோ மொழியில் ‘ஐஓ.ரைட்டர்’ இடைமுகத்தை அளபுருவாக வாங்குவது அன்றாட வழக்கம், சோதனையில் ‘பைட்ஸ்.பஃபர்’ ஒன்றைக் கொடுத்தால் போதும்.

இப்படிச் செய்த உடனே மேலே சொன்ன தொல்லைகள் ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்க்கலாம். திருப்பி வைக்க எதுவும் இல்லை. இணையாக எத்தனை சோதனைகள் ஓடினாலும் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பஃபர். தோற்றால் என்ன வந்தது என்பது சோதனையின் கையிலேயே இருக்கிறது. ஒப்பீடுகளில் இதற்கு ஒரு குறை சொல்ல வேண்டும் என்றால், பழைய நிரலில் நூறு இடங்களில் பரவிக் கிடக்கும் பிரிண்ட் வரிகளை இப்படி மாற்ற நாள் பிடிக்கும் என்பதுதான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லவில்லை. வெளியீட்டைச் சரிபார்க்கும் ஒரு சோதனையை எழுத உட்காரும்போது, அந்த ஃபங்ஷனை மட்டும் மாற்றினால் போதும்.

பதிவுகள் தனி விஷயம். லாகிங் வழியாக வரும் செய்தியைச் சரிபார்க்க, அது திரையில் விழுந்த வடிவத்தைப் பிடித்துச் சரங்களை ஒப்பிட வேண்டாம். நேர முத்திரையின் வடிவம் மாறினாலே சோதனை விழும். பைத்தானில் 3.4 முதல் இருக்கும் ‘அசர்ட்லாக்ஸ்’, பைடெஸ்ட்டின் ‘கேப்லாக்’ இரண்டும் பதிவை அதன் நிலை, பெயர், செய்தி என்று பிரித்தே கொடுக்கும்; 3.10-இல் வந்த ‘அசர்ட்நோலாக்ஸ்’ எந்தப் பதிவும் வரவில்லை என்று சரிபார்க்கும். இவற்றைக் கொண்டே சரிபாருங்கள்.

பிடித்த எழுத்து உண்மை எழுத்தா

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பிடிக்கும் செயலே வெளியீட்டை மாற்றிவிடலாம். பல நிரல்கள், எதிரே இருப்பது திரையா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்ணமும் முன்னேற்றப் பட்டையும் காட்டுகின்றன. பிடிக்கும்போது திரை இல்லை. வண்ணக் குறிகள் மறைந்துவிடும். தன் கணினியில் பிடிப்பை நிறுத்தி ஓட்டியவருக்குத் தேறாத சோதனை, சர்வரில் தேறும். வண்ணத்தை ‘நோ_கலர்’ சூழல் மாறியால் சோதனைகளுக்கென்று நிறுத்தி வைப்பது இந்தக் குழப்பத்தைப் பெரும்பாலும் தவிர்க்கும். அதை மதிக்காத நிரல்களும் உண்டு.

எழுத்துக் குறியாக்கம் இதைவிட நுட்பமானது. நினைவகத்தில் எழுதும் ‘ஸ்ட்ரிங்ஐஓ’ எந்த யூனிகோட் எழுத்தையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். உண்மையான கன்சோல் குறுகிய குறியாக்கத்தில் அமைந்திருந்தால், அதே எழுத்தை எழுதும்போது நிரல் பிழை எறிந்து நிற்கும். சோதனை பச்சையாகவும் பயனரின் திரை சிவப்பாகவும் இருக்கும். ஆங்கிலமல்லாத எழுத்துகளை வெளியிடும் நிரல் எழுதும் எவரும், தனிப் பிராசஸாக ஓட்டி, குறியாக்கத்தை வெளிப்படையாக மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும்.

இனி, எதிர்பாராத வெளியீட்டை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சம். என் அமைப்புக் கோப்பில் இருந்த வெற்று ஃபங்ஷனை நீக்கிய பிறகு, அந்த இடத்தில் முதலில் பிழை எறியும் ஃபங்ஷனை வைத்தேன்: யாராவது கன்சோல்.எரரை அழைத்தால் சோதனை தோற்கட்டும் என்று. அது போதவில்லை. எறிந்த பிழையை நிரலுக்குள்ளேயே இருந்த ஒரு ‘கேட்ச்’ தொகுதி பிடித்து விழுங்கிவிட்டது. இப்போது அந்த ஃபங்ஷன் எதையும் எறிவதில்லை. வந்த செய்திகளை ஒரு பட்டியலில் சேர்க்கிறது, உண்மையான கன்சோலுக்கும் அனுப்பிவைக்கிறது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஓடும் ‘ஆஃப்டர்ஈச்’ பகுதி பட்டியலைப் பார்க்கிறது. காலியாக இல்லை என்றால் அந்தச் சோதனை, செய்தியின் முழு வாசகத்தோடு தோற்கும். பிழைச் செய்தி வரத்தான் வேண்டும் என்று எதிர்பார்க்கும் சோதனைகள், தாங்களே ஸ்பை ஒன்றைப் போட்டு, எந்தச் செய்தி எத்தனை தடவை வந்தது என்று சரிபார்க்கின்றன. இதை நிறுவிய அன்று நாற்பதுக்கும் மேற்பட்ட சோதனைகள் விழுந்தன. அவற்றை ஒரு விலக்குப் பட்டியலில் போட்டோம். புதிய பெயர் எதையும் அதில் சேர்ப்பதில்லை; வாரத்துக்கு மூன்று நான்கு என்று எடுத்துச் சரிசெய்து வருகிறோம். இப்போது அதில் ஆறு பெயர்கள் இருக்கின்றன.